கை நாடாவுக்குத் தப்பிய குழந்தை: தென் செபராங் பிறைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் வளர்ச்சிக் குன்றல் – நிகழ்வு ஆய்வு

பெண் குழந்தை, 22 மாதம். நடக்கிறாள், ஓடுகிறாள், அண்ணனின் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வாசல்வரை போகிறாள். மருத்துவமனையில் ஒரு நாளும் படுத்ததில்லை. மேல்கைச் சுற்றளவு நாடா 13.0 செ.மீ. காட்டுகிறது. 12.5க்கு மேல் இருந்தால் பச்சை என்பதால் நாடாவின் கணக்கில் இவளுக்குக் குறை ஒன்றுமில்லை. எடை 8.3 கி.கி., படுக்கவைத்து அளந்த நீளம் 76.8 செ.மீ. நீளத்துக்கு ஏற்ற எடை மைனஸ் 2 கோட்டுக்கு (நடு அளவிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே உள்ள கோடு) மேலேயே நிற்கிறது. மெலிவு என்று சொல்ல முடியாது. வயதுக்கு ஏற்ற நீளத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. 22 மாதப் பெண் குழந்தையின் நடு அளவு 84.6 செ.மீ., மைனஸ் 2 கோடு 78.4. இவள் அதற்கும் ஒன்றரை செ.மீ. கீழே இருக்கிறாள். இதுதான் வளர்ச்சிக் குன்றல். 76.8 என்பது பதினான்கு மாதம் கடந்த குழந்தையின் சராசரி நீளம்.

இவள் உண்மையில் உள்ள ஒரு குறிப்பிட்ட குழந்தை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் சுற்றுவட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில் வழக்கமாக ஒன்றுசேர்ந்தே காணப்படும் நிலைமைகளை ஒரே வீட்டில் வைத்து இந்த ஆய்வு தொகுக்கப்பட்டிருக்கிறது. வளர்ச்சிக் கோடுகள் உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரத்தின்படி.

இதை எழுதக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள், அதாவது ஐவரில் ஒருவர். 2016இல் 20.7, 2019இல் 21.8. பொருளாதாரம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் அசையவில்லை. பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நாடு இல்லை இது. அப்படியானால் எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஒரு வீட்டுக்குள் நின்று பார்ப்பதே பயன் தரும்.

பதிவுப் புத்தகம் சொல்வது

கிளினிக்கில் எழுதப்படும் குழந்தையின் பதிவுப் புத்தகத்தின்படி பிறந்தபோது 38 வாரம், 2.6 கி.கி. குறைஎடை எனக் கணக்கிடப்படும் 2.5க்குச் சற்று மேலே. ஆறு மாதத்தில் 6.3, ஒன்பதில் 6.9, பன்னிரண்டில் 7.2, பதினெட்டில் 7.9, இப்போது 8.3. ஒவ்வொரு முறையும் எடை கூடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் நடுக்கோட்டில் உள்ள பெண் குழந்தை 1.6 கி.கி. ஏறும், இவள் ஏறியது 0.9. மைனஸ் 1 கோட்டின் அருகே இருந்தவள் ஓராண்டு முடிவில் மைனஸ் 2 கோட்டை உரசிக்கொண்டிருந்தாள். சரிவு தொடங்கிய இடம் அதுதான், கவனித்திருக்க வேண்டிய நேரமும் அதுதான்.

நீளம் அளக்கப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டத்தில் எண் எழுதியிருக்கிறது, வரைபடத்தில் புள்ளி வைக்கப்படவில்லை. புள்ளி வைத்துக் கோடு இழுக்காத எண்ணை எந்தத் தாயாலும் படிக்க முடியாது. வரிசையில் முப்பது பேர் காத்திருக்கும்போது தாதியாலும் முடியாது. இன்னொன்று, 18 மாதத் தடுப்பூசியோடு பெரும்பாலான வீடுகளில் கிளினிக் பயணம் நின்றுவிடுகிறது. ஊசி இல்லையென்றால் போவதற்கு வேலை இல்லை என்பதே பொது எண்ணம்.

அளப்பதில் நேரும் பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த வயதில் நீளத்தின் ஒரு திட்ட விலக்கம் ஏறத்தாழ 3.1 செ.மீ. ஒரு செ.மீ. தவறினால் மூன்றில் ஒரு பங்கு விலக்கம் போய்விடும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். பலகை தட்டையாக இருக்க வேண்டும். ஒருவர் தலையை மேற்பலகையில் ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்துக்கு நகரும் பலகையை நெருக்க வேண்டும். உச்சிக் குடுமியையும் கிளிப்பையும் கழற்ற வேண்டும். தையல் நாடாவைப் பாயில் போட்டு அளப்பது அளவே இல்லை. எடை பார்க்கும்போது பேம்பர்ஸைக் கழற்ற வேண்டும். நனைந்த ஒன்று கால் கிலோவரை இருக்கும், இவளுடைய இரண்டு மாத வளர்ச்சியை அதுவே விழுங்கிவிடும்.

"அப்பா அம்மா குட்டை, பிள்ளையும் குட்டை" என்பது எல்லா வீட்டிலும் முதலில் வரும் பதில். அதைத் தள்ளிவிடாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தை 168 செ.மீ., தாய் 152. பெண் குழந்தைக்குத் தந்தையின் உயரத்தில் 13 கழித்துத் தாயின் உயரத்தோடு கூட்டிப் பாதியாக்கினால் 153.5 வருகிறது. பெரியவளானபின் அது மைனஸ் ஒன்றரைக்கு அருகில் நிற்கும் உயரம். ஆகவே குடும்ப உயரம் ஒரு பகுதியை விளக்குகிறது, முழுவதையும் விளக்கவில்லை. தாயும் இதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இதேபோல வளர்ந்தவள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்; அவளுடைய 152 அவளுக்கு இயல்பாக வாய்த்திருக்கக்கூடிய உயரம்தானா என்பது யாருக்கும் தெரியாது.

வீடு, வேலை, பிள்ளையைப் பார்ப்பவர்

பழைய லயத்தில் எஞ்சியிருக்கும் வரிசை வீடு. சுற்றிலும் செம்பனை. தாத்தா, பாட்டி, பெற்றோர், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் அண்ணன், இவள். தந்தை குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறார், டன் கணக்கில் கூலி. மழை மாதங்களில் குலை குறைந்தால் சம்பளமும் குறையும். தாய் பத்து காவானில் தொழிற்சாலை வேலை, காலை ஏழு முதல் இரவு ஏழு வரை 12 மணி நேர ஷிப்ட். பேருந்து ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடும். திரும்பி வீட்டுப்படி ஏறும்போது எட்டாகிவிடும். 2014 மார்ச்சில் பினாங்குத் தீவுக்கான இரண்டாம் பாலம் திறக்கப்பட்டதற்குப் பிறகு பத்து காவான் வேகமாக வளர்ந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது நல்லதே. ஆனால் பதினான்கு மணி நேரம் தாய் வீட்டில் இல்லாத இடத்தை யார் நிரப்புவது என்ற கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பு அதற்கு ஆயாக் கொட்டகை இருந்தது. அதைப் பொற்காலமாகப் பேசத் தேவையில்லை. பல கொட்டகைகள் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தன, ஓர் ஆயாவிடம் அளவுக்கு மீறிப் பிள்ளைகள் இருந்தார்கள். என்றாலும் வேலை நேரத்தில் பிள்ளைக்கு ஊட்ட ஒரு கை என்பது தோட்டத்தின் பொறுப்பாக இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தமிழ்க் குடும்பங்கள் குறைந்து, கொட்டகைகள் மூடியபின் அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் பாட்டிகளின் தலையில் விழுந்தது. இந்த வீட்டுப் பாட்டிக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), இரண்டு முழங்காலிலும் வலி. கனமான பானையைத் தூக்கி இறக்க முடியாது. ஓடும் பிள்ளையைத் துரத்தி ஊட்டவும் முடியாது. பால் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே குடித்துவிட்டுப் படுக்கும். அவர் நிலையில் யாராக இருந்தாலும் பாட்டிலைத்தான் எடுப்பார்கள்.

அதனால் வீட்டுக்குப் போகிறவர் "பிள்ளை என்ன சாப்பிடுகிறாள்" என்று தொடங்கக்கூடாது. அதற்கு எல்லா வீட்டிலும் "எல்லாம் சாப்பிடுவா" என்றுதான் பதில் வரும். "பாட்டி, காலையில பத்து மணிக்கு பிள்ளைக்கு யாரு ஊட்டுவா? எதுல ஊட்டுவீங்க? மிச்சம் வச்சா என்ன பண்ணுவீங்க?" என்று நேரத்தை வைத்துக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்பது இன்னும் நல்லது. பால்மாவு டின், அதன் கரண்டி, பிள்ளையின் கிண்ணம் மூன்றும் கண்ணில் படும்.

பாட்டிலுக்குள் இருந்தது

2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. இந்தத் தாயும் அதை முழுதாக எடுத்தாள். அதுவரை தாய்ப்பால் மட்டுமே. வேலைக்குத் திரும்பியபின் 12 மணி நேரத்தில் குறைந்தது மூன்று முறை பால் கறந்தெடுக்க வேண்டும். அதற்கு அறை வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமல் விட வேண்டும். ஐந்தாம் மாதம் பால் வற்றியது.

பால்மாவு வந்தது. டின்னில் எழுதியிருந்தது 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி, அதாவது 210 மி.லி.க்கு ஏழு. பாட்டி போட்டது மூன்று. டின் பத்து நாளில் தீரக்கூடாது என்பதுதான் காரணம். அப்படிக் கரைத்த பாட்டிலில் ஏறத்தாழ 60 கிலோகலோரி இருக்கும், இருக்க வேண்டியது 140. வயிறு நிரம்பும், பிள்ளை தூங்கும், எடை நிற்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம்வரை நடந்த சரிவின் பெரும்பங்கு இதுதான்.

ஓராண்டுக்குப் பிறகு பால்மாவு மாத முதல் பாதிக்கு மட்டும். கடைக்கடன் எழுதும் 555 நோட்டில் கடன் ஏறத் தொடங்கியதும் இனிப்பு டின்பால். இன்று கடையில் விலை மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை இனிப்பூட்டிய கிரீமர்: ஏறத்தாழ பாதி சர்க்கரை, மீதியில் தாவர எண்ணெய், பாலின் புரதம் மிகக் குறைவு. 180 மி.லி. சுடுநீரில் இரண்டு குவித்த தேக்கரண்டி போட்டால் 65 கிலோகலோரி, அரை கிராம் புரதம். அதே அளவு முழுக்கொழுப்புப் பாலில் ஏறத்தாழ 115 கிலோகலோரி, 6 கிராம் புரதம். டின் படத்தில் பால் வழிந்தாலும் அதைப் பாலாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இது இந்த மண்ணில் பழைய கதை. குவாஷியோர்கர் என்ற புரதக்குறை நோயை ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து (இன்றைய கானா) 1930களில் மருத்துவ உலகுக்கு விவரித்த சிசிலி வில்லியம்ஸ் அதன்பின் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பால் விற்கப்பட்டு இங்கே பிள்ளைகள் சாவதைப் பார்த்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் அவர் பேசினார். எண்பது ஆண்டுக்கு மேலாகியும் லயத்து அடுப்பங்கரையில் அந்த டின் இருக்கிறது. இப்போது அதனால் பிள்ளைகள் சாவதில்லை, வளராமல் நிற்கிறார்கள்.

22ஆம் மாதத்தில் முந்தைய 24 மணி நேர உணவைக் கேட்டு எழுதினால் இப்படி வரும். காலை ஆறரைக்கு பாட்டில். ஒன்பதுக்கு இனிப்புத் தேத்தண்ணியில் தோய்த்த மேரி பிஸ்கட் மூன்று. பன்னிரண்டரைக்கு ரசம் சோறு ஐந்து மேசைக்கரண்டி, உருளைக்கிழங்கு ஒரு துண்டு. மூன்றுக்கு ஒரு சிறு பொட்டலம் நொறுக்குத்தீனி. ஐந்துக்கு பாட்டில். இரவு எட்டரைக்கு அம்மா ஊட்டும் சோறு நான்கு மேசைக்கரண்டி, பருப்பின் மேல்தண்ணீர், காரம் கழுவிய கெம்போங் மீன் ஒரு விரல் நுனி அளவு. இரவு பாட்டில் இரண்டு. மொத்தம் ஏறத்தாழ 700 கிலோகலோரி. இந்த வயதுக்கு வேண்டியது 850. ஆற்றலில் குறை இருக்கிறது, ஆனால் கொடுமையான குறை இல்லை. அதனால்தான் பிள்ளை மெலியவில்லை. ஆனால் அந்த 700இல் ஏறத்தாழ 480, பாட்டில், தேத்தண்ணி பிஸ்கட், பொட்டலம் மூன்றிலிருந்து வருகிறது. எலும்பு நீள்வதற்குத் தேவையான நல்ல புரதம், துத்தநாகம், இரும்பு அவற்றில் இல்லை. எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து ஒரு நாளில் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும். மேல்தண்ணீரையும் அந்த மீனையும் தாராளமாகச் சேர்த்தால்கூட இவளுக்கு மூன்றுதான். முட்டை இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை.

பாட்டிலோடு தூங்கியதில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தை. கடித்தால் வலிக்கும், எனவே மென்மையானதுதான் வேண்டும், எனவே மறுபடியும் பாட்டில். இந்தச் சுழலைப் பல் பார்க்காமல் அறுக்க முடியாது.

சுற்றுப்புறம்

பினாங்கில் குழாய்த் தண்ணீர் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் உண்டு. இந்த வீட்டுக்கும் உண்டு. சிக்கல் வீட்டுப் பின்னால் உள்ள திறந்த சாக்கடையில். மழை பெய்தால் அது முற்றத்துக்கு ஏறும். கோழிகள் அடுப்பங்கரைவரை வந்துபோகும். தவழும் வயதில் பிள்ளையின் கை பட்ட தரையும் கோழி எச்சம் விழுந்த தரையும் ஒன்றே. பெரிய வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும் மலக்கிருமி தினமும் சிறுகச் சிறுக உள்ளே போனால் சிறுகுடலின் உட்சுவர் வீங்கி உறிஞ்சும் திறன் குறையும். உடல் அதை எதிர்ப்பதில் சத்தைச் செலவழிக்கும். கடந்த ஆறு மாதத்தில் நான்கு முறை வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணி மட்டும்.

சுகாதாரத்தைச் சரிசெய்தால் உயரம் வந்துவிடும் என்ற எண்ணமும் சரியில்லை. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் நடந்து 2018இல் வெளியான பெரிய சோதனைகள், 2019இல் வெளியான ஜிம்பாப்வே சோதனை, மூன்றிலும் எளிய கழிப்பறை, கைகழுவல், தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை மட்டும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. உணவுச் சேர்க்கை கொடுத்தவர்களிடம் சிறிய முன்னேற்றம் இருந்தது. ஆகவே கோழிக்குக் கூடு, முற்றத்தில் பாய், சாக்கடைக்கு மூடி என்பவை வயிற்றுப்போக்கைக் குறைப்பதற்காகச் செய்ய வேண்டியவை. கிண்ணத்தில் இருப்பதை மாற்றாமல் அவை தனியே போதா.

கீரை இல்லாததற்கும் சுற்றுப்புறம் காரணம். ஒரு காலத்தில் லயத்துப் பின்னால் தோட்டமும் பலரிடம் பசுவும் இருந்தன. இப்போது வீட்டு வேலிவரை களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. காய்கறி வேன் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். பெண்கள் வேலைக்குப் போன பிறகு வரும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கடையில் வாடாமல் கிடைப்பது உருளையும் வெங்காயமும் பொட்டலத் தீனியும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனால் தீரும் என்றும் எண்ண வேண்டாம். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டார மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெப் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 23 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருந்தனர். மலிவான இனிப்பும் எண்ணெயும் இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன.

உதவி ஏன் எட்டவில்லை

ஊட்டக்குறைக் குழந்தைகளுக்கான மீட்புத் திட்டம் சுகாதார அமைச்சில் 1989 முதல் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை. இந்த வீட்டில் இருவர் சம்பளமும் சேர்த்து நல்ல மாதத்தில் 3,100 ரிங்கிட். 2022இன் தேசியச் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட். நல்ல மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினால் கோட்டுக்கு மேலே நிற்கிறார்கள். மோட்டார் தவணை, பள்ளி வேன், தாத்தாவின் மருந்து, பழைய கடன் கழித்தால் உணவுக்கு மிஞ்சுவதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஒன்று செய்யலாம்: மழை மாதங்களின் சீட்டுகளையும் சேர்த்து ஆறு மாதச் சராசரியைக் காட்டி, ஆறு பேர் குடும்பம் என்பதை எழுதிக் கேட்க வேண்டும். வறுமைக்கோடு வீட்டுக்கு வீடு ஆட்களின் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும் ஒன்று. தேசியச் சராசரியைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடக்கூடாது.

அண்ணனுக்குப் பள்ளியில் துணை உணவுத் திட்டம் இருக்கிறது, 1979இலிருந்து நடப்பது. தாயின் விடுப்பு முடியும் மூன்றாம் மாதத்துக்கும் பாலர் பள்ளி தொடங்கும் நான்கு ஐந்து வயதுக்கும் இடையே, வறுமைக்கோட்டுக்கு மேலே நிற்கும் இதுபோன்ற வீட்டுக்கு எதுவும் இல்லை. உயரம் தீர்மானிக்கப்படுவது அந்த இடைவெளியில்தான். 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வீட்டிலேயே பத்துக்கும் குறைவான பிள்ளைகளைப் பார்க்கும் மையத்தைப் பதிவுசெய்ய இடம் தருகிறது. குடியிருப்பில் ஐந்தாறு பாட்டிகள் தனித்தனியே பாட்டில் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, பயிற்சிபெற்ற ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு வீட்டில் சமைத்து ஊட்ட வைப்பது எல்லா உணவுக்கூடைகளையும்விட அதிகம் செய்யும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தொழிற்சாலைகளும் தோட்ட நிர்வாகமும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமும் இதைத்தான் பேச வேண்டும்.

செய்தது என்ன, எதில் தடுமாறியது

முதலில் மருத்துவர் வேறு காரணங்களை விலக்க வேண்டும்: இதய முணுமுணுப்பு, வீட்டில் காசநோய், சிறுநீர்த் தொற்று, பிறப்பில் எடுத்த தைராய்டு முடிவு. பெண் குழந்தை காரணமின்றிக் குட்டையாக இருந்து உணவு சரியான பிறகும் வளராவிட்டால் டர்னர் குறைபாட்டுக்கான (பெண் குழந்தைகளில் ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைந்தோ இருக்கும் பிறவி நிலை) குரோமோசோம் பரிசோதனை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.4 கிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் 6–23 மாத வரம்பு 10.5. ரத்தச் சிவப்புச் செல்கள் சிறியவை, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு. எனவே இரும்புக் குறைதான். ஃபெரிட்டின் இயல்பாக இருந்திருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரும்பு ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி., இவளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 25 மி.கி. தனிம இரும்பு. சிரப்புகளின் செறிவு ஒன்றுக்கொன்று மாறும், மி.லி. அளவை மருந்தாளர் பீச்சுக்குழலில் கோடிட்டுக் காட்ட வேண்டும். பாலோடும் தேத்தண்ணியோடும் கொடுக்கக்கூடாது. கொய்யாச் சாறு நல்லது. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறினால் இயல்பானபின் மேலும் மூன்று மாதம் தொடரும். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 200 மி.கி. ஒரே வேளை, இரண்டு வயதானபின்தான் 400.

கஞ்சியின் அளவு: அரிசி 30 கிராம், மைசூர்ப் பருப்பு 15 கிராம், நன்றாகக் குழைய வேகவைத்து, இறக்குமுன் அரை முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, பொடியாக அரிந்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கரண்டியைக் கவிழ்த்தால் கஞ்சி சட்டென்று விழக்கூடாது. வழிந்தோடினால் தண்ணீர் அதிகம். இதில் ஏறத்தாழ 240 கிலோகலோரி, 8 கிராமுக்கு மேல் புரதம். இரண்டு வேளைக்குச் சரி. நெத்திலியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, உலர்த்தி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து வைத்தால் வேளைக்கு ஒரு தேக்கரண்டி தூவலாம். கோழி ஈரல் 30 கிராம், வாரம் இரண்டு முறை. தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ மிகையாகும்.

பாட்டியால் சமைக்க முடியாது என்பதால் தாய் ஞாயிறும் புதனும் இரவில் மொத்தமாகச் சமைத்து, ஆறவிட்டு, சிறு டப்பாக்களில் உறைபெட்டியில் வைத்தாள். பாட்டி செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு டப்பாவை ஆவி பறக்கும்வரை சூடாக்கி, ஆறவைத்து, கிண்ணத்தில் போட்டு ஊட்டுவது. காலையில் சமைத்துச் சட்டியில் மூடிவைக்கும் பழைய முறையில் பத்து மணிக் கஞ்சி நம் வெப்பத்தில் கெடத் தொடங்கியிருக்கும்.

பாட்டிலைப் பகலில் முதலில் நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து இரவிலும் நிறுத்துவது திட்டம். பால் குவளையில், நாளுக்கு 350 முதல் 500 மி.லி., முழுக்கொழுப்புப் பால். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்பும் குறையும்.

இரண்டாம் வாரம் எடை அசையவில்லை. வாங்கிய முட்டைகள் அண்ணனுக்கும் தந்தையின் காலைச் சாப்பாட்டுக்கும் போயிருந்தன. முழுக்கொழுப்புப் பால்மாவு வீட்டுத் தேத்தண்ணிக்குப் போயிருந்தது. இது களவு அல்ல, ஒரு பிள்ளை பார்க்க இன்னொரு பிள்ளைக்கு மட்டும் முட்டை கொடுக்க எந்தப் பாட்டிக்கும் மனம் வராது. இரண்டு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஒன்று என்று மாதம் 30 முட்டைத் தட்டு இரண்டாகக் கணக்கைத் திருத்திய பிறகுதான் ஓடியது. முட்டை சூடு என்ற தயக்கத்துக்கு வாதம் செய்யாமல் கஞ்சிக்குள் கரைத்துவிட்டோம்.

மூன்றாம் வாரம் மலம் கறுத்ததைப் பார்த்துப் பயந்து இரும்பை நிறுத்தினார்கள். பத்து நாள் போயிற்று. கறுக்கும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், பாட்டியிடம் நேரில் சொல்ல வேண்டும். ஐந்தாம் வாரம் வயிற்றுப்போக்கு: உப்பு சர்க்கரைக் கரைசல், துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி. 10 முதல் 14 நாள், உணவு நிறுத்தாமல், நின்றபின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக.

எடை முதல் இரண்டு மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. நீளத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதற்குள் அளந்தால் வளர்ச்சியையும் அளவுப் பிழையையும் பிரிக்க முடியாது. இரண்டு வயது தாண்டி நிற்கவைத்து அளக்கத் தொடங்கும்போது 0.7 செ.மீ. குறைவாக வரும். அதை அறியாதவர்கள் பிள்ளை நின்றுவிட்டாள் என்று பதறுகிறார்கள்.

ஆறு மாதத்தில், 28ஆம் மாதம், எடை 9.9 கி.கி., மைனஸ் 2 கோட்டுக்கு மேலே. நின்ற உயரம் 81.7 செ.மீ.; படுக்கவைத்து அளந்திருந்தால் 82.4, அதாவது 5.6 செ.மீ. வளர்ச்சி. இயல்பைவிடக் கொஞ்சம் வேகம், என்றாலும் கோட்டுக்கு இன்னும் அரை செ.மீ. கீழே. ஹீமோகுளோபின் 11.3. இரண்டு வயதுக்குப் பிறகு இழந்த உயரத்தில் ஒரு பகுதிதான் திரும்பும். இதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே மனம் தளர்ந்து பாட்டிலுக்குத் திரும்புவார்கள்.

அடுத்த கவனம் தாய்மீது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் அவளுடைய ஹீமோகுளோபின் 9.8, பேறுக்குப் பின் யாரும் மறுபடி பார்க்கவில்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வீட்டில் பேச்சிருக்கிறது. அதற்கு முன் அவளுக்கு ரத்தப் பரிசோதனை, இரும்பும் ஃபோலிக் அமிலமும், இடைவெளிக்கான கருத்தடை ஆலோசனை, ஷிப்ட் முடிந்தபின் திறந்திருக்கும் ஏதாவது ஒரு கிளினிக். பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவள் பெயருக்கும் ஒரு தேதி எழுதப்பட்டிருக்கிறது.